கடற்கரை போல்ட்டுகளின் முலாம் குறித்து: இறங்குதளப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மீன் இறங்குதளப் பராமரிப்புக்கு விவரக்குறிப்பு வகுக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு டெண்டரோடு நாங்கள் கொடுத்திருந்த துத்தநாக–மாங்கனீசு கலப்பு முலாம் பூசிய போல்ட் மாதிரிகள், கட்டுப் பிரிக்கப்படாமலேயே திரும்பி வந்திருக்கின்றன. விவரக்குறிப்பில் இல்லாத பூச்சு என்று உடன் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அந்த வரி உண்மைதான். விவரக்குறிப்பைத் திருத்துங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடற்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பதே தலைமுறை தலைமுறையாக ஒரு தனி வேலையாக இருந்தது. அதே காற்றில் நிற்கும் இறங்குதளத்தின் இரும்புப் படிக்கட்டுகளுக்கு, சில மைக்ரான் கனமுள்ள வெறும் துத்தநாக முலாம் போதும் என்று உங்கள் விவரக்குறிப்பு இன்னமும் சொல்கிறது.

அந்தப் படிக்கட்டின் போல்ட்டுகளில் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் முதலில் துத்தநாகத்தின் வெண்துருவும் பிறகு இரும்பின் செந்துருவும் ஏறிவிடுகின்றன. அடுத்த மழைக்காலம் கழியும்போது நட்டும் மரையும் ஒன்றாக இறுகிப் போகின்றன. ஸ்பானர் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்குகின்றனவே தவிர நட்டு அசைவதில்லை. கேஸ் கட்டர் வைத்துத்தான் அறுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. அறுக்கும் சூட்டில் பக்கத்து இரும்பின் பெயின்ட் பொசுங்கிவிடுவதால், புதிய போல்ட் மாட்டிய இடத்தைச் சுற்றித்தான் அடுத்த துரு கிளம்புகிறது. மாற்றுவதற்கு ஆணை வரும்வரை, மீன் கூடையைச் சுமந்து ஏறும் பெண்கள் எந்தப் படி ஆடுகிறது என்று காலால் தொட்டுப் பார்த்து ஏறுகிறார்கள். ஒருவர் தவறி விழுந்த பிறகுதான் இந்தக் கோப்பு நகர வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஓர் உலோகம் எவ்வளவு எளிதில் கரைய முனைகிறது என்பதைக் காட்டும் அளவு நியம மின்முனை அழுத்தம்; அது எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதில் உலோகம் கரையும். இரும்புக்கு அது மைனஸ் 0.44 வோல்ட், துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76, மாங்கனீசுக்கு மைனஸ் 1.18. மாங்கனீசை மட்டும் தனியாகப் பூசினால் பயனில்லை. அது விரைவாகக் கரையும், படியும்போது இளக்கமாக இருக்கும் படிவமும் நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். துத்தநாகத்தோடு சேர்த்துப் படியவைக்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. கலப்பு அரிக்கப்படும்போது உண்டாகும் சேர்மங்கள் மேற்பரப்பில் அடர்ந்த படலமாகத் தங்கி, அதற்குமேல் அரிப்பு நடப்பதைத் தாமதப்படுத்துகின்றன. கார் உடற்தகடுகளுக்காக ஜப்பானிய எஃகுத் துறையினர் 1980-களிலேயே ஆராய்ந்த கலப்பு இது; நேற்று முளைத்த சரக்கு அல்ல.

இதில் உள்ள சிரமங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முலாம் பூசும் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் ஒரு பெரும்பங்கு ஹைட்ரஜனை வெளியேற்றுவதிலேயே வீணாகிறது. சிட்ரேட் போன்ற உப்பு சேர்த்தால்தான் இரு உலோகங்களும் இணைந்து படியும். மின்னோட்ட அடர்த்தி, அதாவது குறிப்பிட்ட பரப்பில் பாயும் மின்சாரத்தின் அளவு, மாறினால் மாங்கனீசின் விகிதமும் மாறிவிடும் என்பதால், மரையின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே கலவை கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயர்வலிமை போல்ட் என்றால், உள்ளே புகுந்து எஃகை நொறுங்க வைக்கும் ஹைட்ரஜனை வெளியேற்ற அதை முலாம் பூசியவுடன் சூளையில் சுட வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டு, சோதித்து, போதாது என்று எங்கள் மாதிரிகளைத் தள்ளியிருந்தால் தலைவணங்கி ஏற்றிருப்போம்.

நீங்கள் கேட்பதோ உப்புத் தெளிப்புச் சோதனைச் சான்றிதழ் ஒன்றை மட்டுமே. 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைத் தொடர்ந்து தெளிக்கும் அந்தப் பெட்டிக்குள் வெயில் இல்லை, ஏறி இறங்கும் அலை இல்லை, நனைந்து காய்வதும் இல்லை. சான்றிதழ் இருந்து, விலைப்புள்ளியும் குறைவாக இருந்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. கேஸ் கட்டருக்கும் கூலிக்கும் மறுபெயின்டுக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவு வேறொரு தலைப்பில் எழுதப்படுவதால், மலிவான போல்ட் மலிவாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது. கடலோரத்தில் நடக்கும் எத்தனையோ பணிகளின் கதை இதுதான்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடல் அரிப்பை ஆராய மண்டபத்திலேயே அதற்கு ஒரு பிரிவும் உண்டு. இவ்வளவு அருகில் இப்படியொரு வசதியை வைத்துக்கொண்டு, சோதித்துப் பார்க்காமலே ஒரு பூச்சை மறுப்பது எந்த வகையில் நியாயம்?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெறும் துத்தநாக முலாம், உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் சூட்டுக்குளியல் கால்வனைசிங், துத்தநாக–மாங்கனீசு முலாம் ஆகிய மூன்று வகை போல்ட்டுகளையும் அலை தெறிக்கும் உயரத்தில் ஒரே சட்டத்தில் மாட்டி, இரண்டு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். எடை இழப்பையும், நட்டைக் கழற்ற எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதையும் நீங்களே அளந்து முடிவை வெளியிடுங்கள். எங்கள் பூச்சு தோற்றால் அதையும் வெளியிடுங்கள். எங்கள் பங்கு மாதிரிகளுக்கு நாங்கள் விலை கேட்கப் போவதில்லை. அடுத்த டெண்டருக்கான விவரக்குறிப்பு இறுதியாவதற்குள் இது குறித்து எழுத்துமூலம் ஒரு பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
மின்முலாம் பட்டறை நடத்துபவன்,
இராமநாதபுரம் மாவட்டம்