உன் தம்பியின் நாரி நோவும் அந்த 10 வீதமும்

கல்லடி, மட்டக்களப்பு
2025, வைகாசி

அன்பு மச்சான் குகன்,

உன்னுடைய வொய்ஸ் மெசேஜ் இரண்டையும் கேட்டேன். நானும் வொய்ஸிலேயே பதில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் இதை நீ திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டி வரும், உன் தம்பிக்கும் அப்படியே அனுப்ப வேண்டி வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். அம்மா நல்ல சுகம், உன்னை விசாரித்தவ. இங்கே கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கிறது, போன கிழமை குளிர்த்தி பார்க்கப் போனோம். முந்தி நாங்கள் விடிய விடிய மணலில் கிடந்த இடத்தில் இப்போது எனக்கு ஒரு மணித்தியாலம் சம்மணம் போட்டு இருக்க ஏலாது. யாரோ ஒரு சின்னப் பொடியன் கேட்காமலே பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டு வந்து வைத்தான். கதிரையில் இருந்துகொண்டு, நாம் ஆண்டு 10 இல் வடமோடிக் கூத்து ஆடியதைத்தான் நினைத்தேன். சலங்கை கட்டிக்கொண்டு களரியை எத்தனை தரம் சுற்றினோம், குனிந்து நிமிர்ந்து துள்ளி, அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்துகிற வரைக்கும். அந்த நாரிதான், அந்தக் கீழ்முதுகுதான் இது.

சரி, உன் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க இராணுவத்தில் இருந்து வந்தவனுக்கு, அங்குள்ள முன்னாள் படைவீரர் துறையிலிருந்து நாரிக் காயத்துக்கு ஊனம் 10 வீதம் என்று போட்டுக் கடிதம் வந்திருக்கிறது, அவன் "தந்ததை எடுப்பம், விடு" என்கிறான் என்று சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு பதைத்தது, ஏனென்றால் 2022 இல் நான் சொன்னதும் அதே வார்த்தைகள்தான், அப்படிச் சொல்லிக்கொண்டே பதினொரு மாதத்தைப் போக்கினேன்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று உனக்குத் தெரியும். மேல்படிப்புக்குப் போனவன், மாவ்னி என்று அமெரிக்க இராணுவத்தில் 2008 இல் தொடங்கிய ஒரு திட்டம், குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காகச் சேர்த்துக்கொண்ட திட்டம், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2014 இல் கையெழுத்துப் போட்டேன். உனக்குத் தெரியாதது, அம்மா இதை ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்பது. "மகன் அமெரிக்காவில் வேலை" என்றுதான் சொன்னவ. ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே இந்த ஊருக்கு என்னென்ன ஞாபகம் வரும் என்று நமக்குத் தெரியும்தானே, எந்த நாட்டு ஆமி என்று விளங்கப்படுத்துகிற அளவுக்கு அவவிடம் தெம்பு இருக்கவில்லை. அதனால் 2019 இல் ட்ரக்கின் பின்பக்கத்திலிருந்து முழுப் பாரத்தோடு குதித்து நாரி அடிபட்டதையும் நான் அவவிடம் சொல்லவில்லை. முகாமிலும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இரண்டு தரம் மருந்து எடுக்கப் போனேன், மிச்ச நாட்களில் எல்லாம் வில்லையைப் போட்டுக்கொண்டு சாமான் ஏற்றினேன். அது ஒரு பிழை, அதற்கான விலை பிறகு வந்தது.

2022 இல் வெளியே வந்தபோது வீதம் போடுவதற்காக ஒரு பரிசோதனை வைத்தார்கள். எல்லாமாக இருபது நிமிடம் இருக்கும். பரிசோதித்தவர் "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்" என்றார், நான் "நல்லா இருக்கிறேன்" என்றேன். குனியச் சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். பாகைமானியை வைத்து 70 என்று எழுதினார். எந்த இடத்தில் நோகத் தொடங்கியது என்று கேட்கவில்லை, நோ கூடுகிற நாட்களில் எப்படி என்று கேட்கவில்லை, இடது காலில் விறைப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை மச்சான். டொக்டருக்கு முன்னால் "பரவாயில்லை" என்று சொல்லித்தானே நாம் வளர்ந்தோம். சொல்லாத நோ ரிப்போட்டில் வராது, ரிப்போட்டில் இல்லாததற்கு ஒருத்தரும் வீதம் போட மாட்டார்கள்.

அந்தக் கணக்கு எப்படி என்று உன் தம்பி தெரிந்திருக்க வேண்டும். முன்னால் குனிவதில் 90 பாகை முழு வளைவு. 60 ஐத் தாண்டி 85 வரை குனிய முடிந்தால் 10 வீதம். 30 ஐத் தாண்டி 60 வரை என்றால் 20 வீதம். 30 அல்லது அதற்கும் கீழே என்றால் 40. முள்ளந்தண்டு அசையாமல் இறுகிப்போனால்தான் அதற்கு மேலே போகும். தசை இறுகி நடையே மாறிப்போனால், பாகை எவ்வளவாக இருந்தாலும் 20 கொடுக்க இடம் இருக்கிறது. பார், என்னுடைய 70 க்கும் 60 க்கும் நடுவில் இருந்தது வெறும் பத்துப் பாகை. நோ தொடங்கிய இடத்தில் நான் நின்றிருந்தால் அன்றைக்கே 20.

இதைவிடப் பெரிய விஷயம் கால். முள்ளந்தண்டிலிருந்து நரம்பு நசிபட்டுக் காலுக்கு இறங்குகிற நோவுக்கும் விறைப்புக்கும் தனி வீதம் உண்டு, நாரியின் வீதத்துக்குள் அது அடங்காது. லேசாக என்றால் 10, நடுத்தரமாக என்றால் 20, அதற்கு மேலேயும் போகும், இரண்டு காலிலும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி. உன் தம்பிக்குக் கால் விறைக்கிறதா என்று கேள். நீ கேட்டால் "இல்லை" என்பான், அவனுடைய மனைவியிடம் கேள்.

பணத்தைப் பற்றியும் நேரே சொல்கிறேன். 2025 கணக்குப்படி 10 வீதத்துக்கு மாதம் 175.51 டொலர். 40 வீதத்துக்கு, குடும்பத்தைக் கணக்கில் எடுக்காமலே, 774.16 டொலர். 30 வீதத்திலிருந்து மனைவி பிள்ளைக்கும் சேர்த்துக் கூட்டித் தருவார்கள். இது பிச்சை இல்லை, அவனுடைய உடம்பு கொடுத்ததற்கான ஈடு.

நான் ஏன் பதினொரு மாதம் சும்மா இருந்தேன் என்று நீ கேட்பாய். வெட்கம் மச்சான். 2022 கடைசியில் ஊருக்கு வந்துவிட்டேன், பெட்ரோல் வரிசையும் மாவுக்கு வரிசையும் நின்ற வருடம். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு அண்ணன் இருக்கிறார், சண்டைக் காலத்தில் முழங்காலுக்குக் கீழே போனது, பொய்க்கால் போட்டுக்கொண்டு படுவான்கரையில் வயலுக்குப் போய் வருகிறார். அவருக்கு எந்த நாட்டிலிருந்தும் ஒரு வீதமும் வந்ததில்லை. அவருக்கு முன்னால் நாரி நோகுது, 10 காணாது, 20 வேண்டும் என்று வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் அவரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது குனிந்து எதையோ எடுக்கப்போய் அப்படியே பிடித்துக்கொண்டது, நிமிர ஏலாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் வீடு மட்டும் கூட்டி வந்தார். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன், வெட்கத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்துவிட்டு, "எனக்குப் போய்க் கேட்க ஒரு வாசல் இல்லை. உனக்கு இருக்கு. நீ கேட்காமல் விட்டால் அது எனக்கு வந்து சேராது" என்றார். அன்றைக்கு இரவே பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். தேதியைப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு ஒரு மாதம் கூட மிச்சமில்லை.

அந்த ஒரு வருடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். தீர்ப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் எதிர்த்தால், கூடுகிற வீதம் பழைய தேதியிலிருந்தே கணக்கு. வருடம் தாண்டினால் கேட்கலாம், ஆனால் பழைய மாதங்கள் போனது போனதுதான்.

2019 பெப்ரவரியிலிருந்து மூன்று வழி வைத்திருக்கிறார்கள். புதிய சான்று ஏதும் கொடுக்காமல், இருக்கிற கோப்பையே ஒரு மூத்த அதிகாரி திரும்பப் பார்ப்பது ஒன்று, அதில் தொலைபேசியில் ஒருமுறை கதைத்துப் பிழையைச் சுட்டிக் காட்டலாம். புதிய, விஷயத்தோடு தொடர்புள்ள சான்றோடு திரும்பக் கேட்பது இன்னொன்று. மூன்றாவது மேன்முறையீட்டுச் சபை, அங்கே நீதிபதி பார்ப்பார், அது இழுபடும். என்னிடம் கால் நோவைப் பற்றிக் கோப்பில் ஒன்றுமே இல்லாததால் நான் இரண்டாவதை எடுத்தேன். உன் தம்பியின் ரிப்போட்டில் விஷயம் எல்லாம் எழுதியிருந்தும் வீதத்தைப் பிழையாகப் போட்டிருந்தால் முதலாவது போதும். ரிப்போட்டைப் பார்க்காமல் இதைத் தீர்மானிக்க வேண்டாம். தீர்ப்புக் கடிதம் வேறு, பரிசோதனை ரிப்போட் வேறு, அதைக் கேட்டு எடுக்க வேண்டும், அது அவனுடைய உரிமை.

நான் என்ன கொடுத்தேன் என்றால், முதலில் புது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கொழும்புக்குப் போய் எடுத்தது. எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து போனது, இறங்கும்போது இடது கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது. பிறகு நாளுக்கு நாள் எழுதிய கொப்பி: எந்த நாள் பிடித்தது, எவ்வளவு நேரம், என்ன செய்ய ஏலவில்லை. ஒரு முறை ஒரு கிழமை முழுக்கப் படுக்கையில் கிடந்தேன், ஆனால் படுத்திருக்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தராவிட்டால் அந்த ஓய்வு நாட்கள் கணக்கில் வராது, எனக்கு அது வரவில்லை. உன் தம்பி அதில் கவனமாக இருக்கட்டும்.

மூன்றாவது அம்மாவின் வாக்குமூலம். கூட இருந்து பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்தால் அதையும் சான்றாக எடுக்க வேண்டும், மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. அம்மா தமிழில் எழுதினவ, மொழிபெயர்ப்போடு சேர்த்து அனுப்பினோம். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள மகனால் ஏலவில்லை, காலையில் கட்டிலிலிருந்து எழும்பப் பக்கவாட்டில் உருண்டு முழங்காலில் நின்றுதான் எழும்புகிறான், செருப்பை நான்தான் காலுக்குக் கிட்ட வைக்கிறேன், இரவில் சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்கும், அது அவன் நோவைத் தாங்குகிற சத்தம். அதை வாசித்தபோதுதான் எனக்கே தெரியும், அம்மா பக்கத்து அறையில் அத்தனை நாளும் விழித்துக்கொண்டு கிடந்தவ என்று. "என்ன மனே, எனக்குச் சொல்லாம வெச்சிருந்தா எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியா" என்றவ. உன் தம்பியின் மனைவிக்கும் இப்படிச் சொல்ல நிறைய இருக்கும்.

இரண்டாவது பரிசோதனை கொழும்பில் நடந்தது. இந்த முறை கொப்பியைக் கையோடு கொண்டு போனேன். குனிந்தேன், நோகத் தொடங்கிய இடத்தில் "இங்கே நோகுது" என்றேன், பரிசோதித்தவர் அதை எழுதுகிற வரைக்கும் நின்றேன். நோ கூடுகிற நாட்களைப் பற்றியும் சொன்னேன். ஷார்ப் என்ற முன்னாள் வீரரின் வழக்கில் 2017 இல் அங்குள்ள நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: நோ கூடிய நாளில் நான் நேரே பார்க்கவில்லை, அதனால் சொல்ல முடியாது என்று பரிசோதிப்பவர் சும்மா கைவிட முடியாது, அந்த வீரரிடமே கேட்டு, கோப்பையும் பார்த்து மதிப்பிட வேண்டும். கூட்டிச் சொல்லும்படி நான் உன் தம்பிக்குச் சொல்லவில்லை, அது பிழை, அகப்பட்டால் உண்மையான நோவும் பொய்யாகிவிடும். குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

2024 தொடக்கத்தில் கடிதம் வந்தது. நாரிக்கு 20, இடது காலுக்கு 20. அதை நேராகக் கூட்ட மாட்டார்கள், முதல் 20 போக மிச்சம் 80, அந்த 80 இல் 20 வீதம் 16, ஆக 36, கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டி 40. பழைய தேதியிலிருந்தே தந்தார்கள். அந்தக் காசில் முதலில் வீட்டுக் கிணற்றுக்கு மோட்டர் போட்டோம். அண்ணனிடம் போய்ச் சொன்னேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், எனக்குத்தான் கண் கலங்கியது.

இன்னொன்று, மறக்க முதல். அங்கே இரண்டு கணக்கு இருக்கிறது, மாறிப்போகக் கூடாது. தவணை முடிந்து வந்தவனுக்குப் பிறகு போடுகிற வீதம் ஒன்று. சேவைக்குத் தகுதியில்லை என்று இராணுவமே காயத்துக்காக வெளியே அனுப்பும்போது அது போடுகிற வீதம் இன்னொன்று. இந்த இரண்டாவதில் 30 தான் கோடு: இருபது வருடம் சேவை இல்லாதவனுக்கு 30 க்குக் கீழே என்றால் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், 30 அல்லது அதற்கு மேலே என்றால் ஓய்வூதியமும் குடும்பத்துக்கு மருத்துவமும். உன் தம்பி எந்த வழியால் வெளியே வந்தான் என்று நீ சொல்லவில்லை. அதைக் கட்டாயம் கேள், எதிர்க்கிற இடமே மாறும்.

முன்பணம் கேட்கிற, கூடுகிற தொகையில் பங்கு கேட்கிற ஆட்களிடம் போக விடாதே. டிசேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ் மாதிரியான பழைய சங்கங்களில் அங்கீகாரம் பெற்றவர்கள் சதம் வாங்காமல் கோப்பு எழுதித் தருவார்கள். எனக்கும் அப்படி ஒருத்தர்தான் நேர வித்தியாசத்தையும் பார்க்காமல் கதைத்து உதவினார்.

இப்போது எனக்கு இரண்டு விஷயம் வேண்டும்: அவனுடைய தீர்ப்புக் கடிதத்தில் இருக்கிற தேதி, பரிசோதனை ரிப்போட்டில் பாகை எழுதியிருக்கிற பக்கத்தின் படம். ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு எட்டு மணிக்கு நான் சும்மாதான் இருப்பேன், அவனையும் போன் கோலில் எடு. அவன் "பரவாயில்லை அண்ணா" என்று தொடங்கினால் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா உனக்கு அனுப்பச் சொல்லித் தயிர் முட்டியைக் காட்டுகிறவ, அது லண்டன் வரைக்கும் வராது என்று சொன்னேன். ஆடியில் நீ வந்தால் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு ஒருக்கால் போவோம், கார் பிடித்துத்தான், மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதை எனக்கு இனிச் சரிவராது.

உன்
ரஞ்சன்