வக்கீலிடம் சொல், என்னிடம் வேண்டாம்

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

மாப்பிள்ளை போட்ட விவாகரத்து மனுவின் நகலை அனுப்பியதோடு சரி, அப்புறம் உன்னிடமிருந்து போனே இல்லை. நானாகக் கூப்பிட்டால் "வேலைப்பா" என்று வைத்துவிடுகிறாய். இருக்கட்டும். அதில் ஏழாவது பாராவில் உன் மனநலத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தேன். உண்மையா என்று கேட்கப் போவதில்லை. நீயும் சொல்லாதே. காரணத்தோடுதான் சொல்கிறேன்.

ஆயுசு முழுக்க வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே விடக்கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 126-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் 132. குமாஸ்தாவுக்கும் பொருந்தும். எத்தனையோ குடும்பத்துச் சங்கதிகள் எனக்குத் தெரியும், உன் அம்மாவிடம்கூட வாய் திறந்ததில்லை. ஆனால் அப்பாவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீ என்னிடம் சொன்னதை எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் ஏற்றிக் கேட்டால், சத்தியம் செய்துவிட்டு நான் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குப் பொய் வராது பாப்பா, உனக்கே தெரியும்.

அதனால் வக்கீலிடம் சொல். எந்த டாக்டர், என்ன மாத்திரை, எப்போது ஆரம்பித்தது, எப்போது நிறுத்தியது, எல்லாவற்றையும். கவுண்டர், அதாவது அவர் மனுவுக்கு நம் பதில் மனு, போடுவதற்கு முன்னால் சொல். "எந்தச் சிகிச்சையும் எடுத்ததில்லை" என்று அதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டபின் ஆஸ்பத்திரி ரெக்கார்டு வந்து நின்றால், வியாதியை விட்டுவிட்டு அந்தப் பொய்யைத்தான் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் ரகசியம் காக்க வேண்டியவர்தான், 2017 மனநலச் சட்டமே அதைச் சொல்கிறது. ஆனாலும் கோர்ட் உத்தரவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வக்கீலுக்கு உள்ள பாதுகாப்பு டாக்டருக்கு இல்லை. பழைய சீட்டுகளை வக்கீல் கையில் கொடுத்துவிட்டால் அவையும் ரகசியமாகிவிடும் என்று நினைக்காதே. ஒன்றையும் கிழித்தும் போடாதே.

பயப்படாதே. மாத்திரை சாப்பிட்டார் என்பதற்காக யாருக்கும் விவாகரத்து கிடைத்துவிடாது. வியாதி இருப்பது மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருக்க வேண்டும் என்று ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. உன்னைப் பரிசோதிக்க வேண்டும் என்று மனு போட்டாலும், 2003 சாரதா - தர்மபால் தீர்ப்புப்படி அதற்குப் பலமான முகாந்திரம் வேண்டும். ஆனால் உத்தரவு வந்துவிட்டால் போகாமல் இருந்துவிடாதே. மறுத்தால் கோர்ட் அதையே உனக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். நீ கேட்டால் விசாரணையை மூடிய அறையில் நடத்துவார்கள். வக்கீலிடம் மறக்காமல் சொல்லிக் கேள்.

மாப்பிள்ளையோடு போனில் சண்டை போடாதே. கணவன் மனைவி வழக்கில் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் தீர்ப்பு வந்துவிட்டது. வக்கீல் அனுப்பும் மெசேஜைச் சித்திக்கும் அனுப்பாதே, தோழிகளுக்கும் அனுப்பாதே.

நாகலட்சுமி அத்தையை நம் வீட்டில் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. கோயில் கோயிலாகத்தான் கூட்டிப்போனார்கள். நீயாகப் போயிருந்தால், போனாயா என்று கேட்கவில்லை, அந்தத் தைரியம் இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு வக்கீலைப் பார்க்க ஏன் இப்படித் தள்ளிப் போடுகிறாய்? வாய்தா தேதி நமக்காகக் காத்திருக்காது.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மோர்மிளகாய் கொடுத்தனுப்புகிறாள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுத்தில் இருப்பது எதுவும் கோர்ட் கட்டுக்குள் போகலாம், அதனால்தான் நானும் இவ்வளவோடு நிறுத்துகிறேன். வக்கீலைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று மட்டும் ஒரு போன் போடு. என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டேன்.

அப்பா