வரிசை மாறி வந்த வால்நட் பர்ல் வெனீர்: மாற்றித் தரவும் அல்லது பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் நானே செய்துவரும் ஹால் ஷோகேஸின் நான்கு கதவுகளுக்காக உங்களிடம் எட்டு வால்நட் பர்ல் வெனீர் தாள்கள், அதாவது வால்நட் மரத்தின் முண்டிலிருந்து மெலிதாகச் சீவிய மரத்தாள்கள், வாங்கினேன். 'ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவியவை, புக் மேட்சுக்கு ஏற்றவை' என்று போட்டிருந்தீர்கள். சாதாரண தேக்கு வெனீரைவிடப் பல மடங்கு விலை கொடுத்தது அந்த ஒரு வரிக்காகத்தான். அடுத்தடுத்த தாள்களைப் புத்தகத்தை விரித்ததுபோல் ஒட்டினால்தானே (அதுதான் புக் மேட்ச்) இருபக்க டிசைனும் கண்ணாடி பிம்பமாகப் பொருந்தும்.

வந்தவை அடுத்தடுத்த தாள்கள் இல்லை. முதல் நான்கிலும் ஓரத்தில் ஒரு துளையும் அதைச் சுற்றிய கண் போன்ற புள்ளிகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஐந்தாவதில் துளையே இல்லை, நிறமும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. தாள்களின் முனையில் சாக்பீஸால் எழுதிய சீவல் வரிசை எண்களைப் பாருங்கள்: 11 முதல் 14 வரை, அப்புறம் நேராக 31 முதல் 34 வரை. படங்களை இணைத்துள்ளேன்.

தொலைபேசியில் பேசியவர், "மரம் இயற்கைப் பொருள் சார், டிசைன் மாறத்தான் செய்யும்" என்றார். சரி, மாறும். ஆனால் ஒரு தாளின் கனம் அரை மில்லிமீட்டர். அந்த ஆழத்துக்குள் இவ்வளவு பெரிய துளை மறையாது. நடுவில் 16 தாள்கள் வேறு யாருக்கோ போயிருந்தால் மறையும். ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொள்ளலாமே என்றும் சொன்னார். ஒட்டினால் இடப்பக்க இரண்டு கதவுகள் ஒரு மரம், வலப்பக்க இரண்டும் வேறு மரம் என்று நிற்கும். இலவசமாக அனுப்புவதாகச் சொன்ன இரண்டு தாள்களும் அதே வரிசையில் இல்லாவிட்டால் எனக்கு எதற்கு?

தாள்கள் நெளிந்து வந்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பர்லில் ரேகை எல்லாத் திசையிலும் சுழல்வதால் காயும்போது அப்பளம் மாதிரி நெளியத்தான் செய்யும். கிளிசரின் கலந்த நீர் தெளித்து, அச்சில்லாத காகிதங்களுக்கு நடுவே வைத்து, இருபுறமும் பிளைவுட் கொடுத்துக் கிளாம்ப் போட்டால் தட்டையாகிவிடும். காகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் கூடவே வந்த துண்டுத்தாளில் 'ரப்பர் பசை தடவிக் கையால் அழுத்தினால் போதும்' என்று அச்சடித்திருக்கிறீர்களே, அது யார் யோசனை? ரப்பர் பசை கடைசிவரை இளக்கமாகவே இருக்கும். கடலோரச் சென்னையின் ஈரப்பதத்தில் மரம் விரிந்து சுருங்கும்போது இணைப்பு விலகும், கொப்புளம் எழும். பர்லின் நுண்துளைகள் வழியே பாலிஷின் கரைப்பான் இறங்கினால் பசையே விட்டுவிடும். இதற்கு யூரியா பிசின் போல இறுகிக் கெட்டிப்படும் பசையும், பரப்பு முழுவதும் சீரான அழுத்தமும் தேவை. கதவு வளையாமல் இருக்கப் பின்பக்கமும் ஒரு வெனீர் ஒட்ட வேண்டும். அந்தத் துண்டுத்தாளை முதலில் திருத்துங்கள்.

15 முதல் 18 வரையிலான தாள்கள் கையிருப்பில் இருந்தால், 31 முதல் 34 வரையிலானவற்றை எடுத்துக்கொண்டு அவற்றைத் தாருங்கள். இல்லையென்றால் எட்டையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். எதையும் நான் வெட்டவில்லை, பசையும் படவில்லை.

திரும்பப் பெறுவதற்கான காலக்கெடு எதுவும் உங்கள் பில்லில் இல்லை. காலக்கெடு குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டில் எது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருவான்மியூர், சென்னை