தம்பிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மூன்று வாரமாக நான் அழைத்தால் உன் போன் அடித்து ஓய்கிறது. அம்மா அழைத்தால் மட்டும் எடுத்து, அப்புறம் பேசுகிறேன் என்கிறாயாம். வேலை அதிகமாக இருக்கும் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அக்காவுக்கு ஏழாம் மாதம். கொல்லையில் முருங்கை காற்றில் முறிந்துவிட்டது.

உங்கள் தொழிற்சாலைப் பக்கம் பிள்ளைகள் பந்தல் போட்டு உட்கார்ந்திருப்பதைச் செய்தியில் காட்டினார்கள். எல்லோரும் ஒரே நிறச் சட்டை. மூன்றாவது வரிசையில் பிடரியைத் தடவிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்து அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். நான் சேனலை மாற்றிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கையில் இருப்பதைப் பார்த்துச் செலவு செய். யார் எந்தத் தாளை நீட்டினாலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே.

டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்குப் போனவன் நீ. அக்கா கல்யாணக் கடனில் பாதியை அடைத்தவன் நீ. அன்பியக் கூட்டத்தில் யார் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாலும் என் வாய் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சங்கத்தில் சேர்ந்தாயா, சேரவில்லையா என்று நான் கேட்கவில்லை. வண்டித் தவணை இருக்கிறது, அறை வாடகை இருக்கிறது, அதை நினைத்தாயா என்றுதான் கேட்கிறேன். கையெழுத்து விஷயத்தில் மட்டும் கவனமாக இரு.

போன ஞாயிறு இரண்டாம் வாசகம் என் முறை. யாக்கோபு ஐந்தாம் அதிகாரம். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்று வரும் இடம். எத்தனையோ முறை வாசித்ததுதான். அன்றைக்குத் தொண்டை அடைத்து நின்றுவிட்டேன். எதிரே இரண்டாவது பெஞ்சில் உன் ஞானத்தகப்பனார் உட்கார்ந்திருந்தார். சாமியார் பிரசங்கத்தில் 1891க்குப் போனார். தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்வது இயற்கையாகவே அவர்களுக்குள்ள உரிமை, கூலி என்பது தொழிலாளி கௌரவமாகப் பிழைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அப்போதே எழுதியிருக்கிறார். மே 1ஆம் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக 1955இல் அறிவித்தார்கள். அந்தத் திருநாளில் சப்பரம் தூக்க வருடாவருடம் முதலில் தோள் கொடுப்பவன் நான். உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

2003 ஜூலை 2. நீ ஒன்றாம் வகுப்பு. ஓய்வூதியத்திலும் சரண் விடுப்பிலும் அரசு கை வைத்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினோம். உன் ஞானத்தகப்பனாரும் நானும் ஒரே சைக்கிளில் மறியலுக்குப் போனோம். கைது என்றார்கள், வேலை போகும் என்றார்கள். மூன்றாம் நாள் காலை அவரிடம் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் மேசையில் வருகைப் பதிவேடு திறந்தே கிடந்தது. எனக்கு மேலே உள்ள கட்டமும் கீழே உள்ள கட்டமும் காலி. நடுவில் என் கையெழுத்து. மை காயும் வரை பதிவேட்டை மூடாமல் நின்றேன்.

ஏறக்குறைய 1,70,000 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவரும் அதில் ஒருவர். உச்ச நீதிமன்றம் வரை போய், மன்னிப்பும் இனி வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற உறுதியும் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். அந்த நாட்களில் அவர் மனைவி ரேஷன் கடை வரிசையில் நிற்பதைக் கண்டும் காணாததுபோல் சைக்கிளை மிதித்தேன். பிற்பாடு சில சலுகைகளை அரசு திருப்பிக் கொடுத்தபோது, அதை வாங்கிக்கொள்ள நான் மறக்கவில்லை.

பள்ளிச் சுவரில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள். நீதான் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாய்: க, ரு, ங், கா, லி. அப்படியென்றால் என்னப்பா என்று கேட்டாய். ஒரு மரத்தின் பெயர் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் வாத்தியாராக இருந்து உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததிலேயே பெரிய ஏமாற்று அதுதான்.

அவர் ஒரு நாளும் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. உன் உறுதிபூசுதலுக்கு வந்தார், உனக்குக் கைக்கடிகாரம் கட்டினார், எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனார். அம்மாவுக்கு இன்றுவரை அதில் வருத்தம். காரணத்தை நான் அவளிடமும் சொல்லவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. டீ வந்தது. பிறகு, "பையன் பந்தலில் இருக்கிறானா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். என் மகனைப் பற்றி அவர் கேட்டு எனக்குத் தெரியவில்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

வேலைக்குத் திரும்புகிறேன் என்று தனியாக எழுதிக் கேட்பார்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்பார்கள். அப்பா பெயரைச் சொல்லியும் கேட்கலாம். தம்பி, தனியாகப் போய்க் கையெழுத்துப் போடாதே. பயமாகத்தான் இருக்கிறது எனக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இருந்தாலும் போடாதே.

வண்டித் தவணை இரண்டு மாதத்துக்கு நான் கட்டிவிட்டேன், ரசீது இதனுடன் இருக்கிறது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு மூட்டை அரிசியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வரும். மூட்டை பெரியது, உன் ஒருவனுக்கு அல்ல. பாதி அரிசி உன் ஞானத்தகப்பனார் கொடுத்தது.

அன்புடன்,
அப்பா