கின்டர்கார்டன் மகனுக்காகப் பள்ளிக்கு எழுதப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசவில்லை, வகுப்பில் யாரோடும் ஒட்டுவதில்லை என்று எழுதியிருந்தாய். டீச்சரிடம் நேரில் கேட்டபோதெல்லாம் "பொறுத்துப் பார்ப்போம், வீட்டில் தமிழ் பேசுவதால் இருக்கலாம்" என்றே பதில் வருகிறது என்றும் சொல்லியிருக்கிறாய். டீச்சர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அவரிடம் நீ பேசியது எதுவும் சட்டத்தின் கணக்கில் ஏறவில்லை. எழுதிக் கொடுத்தால்தான் நாள்கணக்கு ஓடத் தொடங்கும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நீ நியூ ஜெர்சியில் இருப்பதால் அந்த மாநிலத்து நாள்கணக்கையே எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருக்கும் சிநேகிதிகளுக்கு இதை அப்படியே அனுப்பிவிடாதே. 'ஐடியா' என்னும் சிறப்புக் கல்விச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். 1975இல் வேறு பெயரில் வந்து, 1990இல் இந்தப் பெயர் பெற்றது. அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விதிகளை வைத்திருக்கிறது, கெடுக்கள் அங்கேதான் மாறும்.

கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பாய் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சட்டத்தில் விசா பற்றிய நிபந்தனை கிடையாது. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் அதே உரிமைதான். பைசா செலவில்லாமல், பிள்ளைக்குப் பொருந்திய கல்வியைத் தருவது டிஸ்ட்ரிக்ட்டின், அதாவது உங்கள் வட்டாரப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், கடமை. நீ உதவி கேட்டு நிற்கவில்லை.

இனி அந்தக் கடிதம். டிஸ்ட்ரிக்ட்டின் ஸ்பெஷல் சர்வீசஸ் டைரக்டர் பெயருக்கு எழுது, பிரின்சிபாலுக்கு ஒரு நகல் வை. மெயிலில் அனுப்பு. முடிந்தால் அச்செடுத்து அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உன் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள். ஒரு பக்கம் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, வகுப்பு எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'ஐடியா சட்டத்தின்படி சைல்ட் ஸ்டடி டீமின் முழு இவால்யுவேஷன் கேட்கிறேன்' என்று நேராகச் சொல். இவால்யுவேஷன் என்றால் பரிசோதனை, அதைச் செய்யும் பள்ளிக் குழுதான் சைல்ட் ஸ்டடி டீம். 'கொஞ்சம் கவலையாக இருக்கிறது, பேசலாமா' என்று எழுதினால் அது வெறும் விசாரிப்பாகப் போய்விடும். பிறகு கவலைகளைத் துறை வாரியாக எழுது: பேச்சு, பிறரோடு பழகுதல், கவனம், கை வேலை. ஒவ்வொன்றுக்கும் நீ கண்ணால் பார்த்த ஓர் உதாரணம் சேர். வீட்டில் பேசும் மொழி தமிழ் என்பதையும் குறிப்பிடு. பதில் எழுத்தில் வேண்டும் என்று முடி.

பலர் இங்கே 'ஸ்பீச் தெரபி வேண்டும்' என்று மட்டும் எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்டால் பரிசோதனையும் பேச்சோடு நின்றுவிட வாய்ப்புண்டு. உன் மகன் விஷயத்தில் பழகுவதிலும் சிரமம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால், ஸ்கூல் சைக்காலஜிஸ்ட், லேர்னிங் கன்சல்டன்ட், சோஷியல் வொர்க்கர் மூவரும் அடங்கிய அந்தக் குழு அவனை முழுதாகப் பார்க்கும் சந்தர்ப்பமே வராமல் போகலாம்.

கடிதம் போன பிறகு, "முதலில் ஐ அண்ட் ஆர்.எஸ். என்ற பள்ளி உதவித் திட்டம் மூலம் வகுப்பிலேயே சில முயற்சிகள் செய்து பார்ப்போம், ஆறு வாரம் கழித்துப் பேசலாம்" என்பார்கள். செய்யட்டும், நல்லதுதான். அதைக் காரணம் காட்டி இவால்யுவேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறையின் சிறப்புக் கல்வி அலுவலகம் 2011இலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது. 'ஐ அண்ட் ஆர்.எஸ். நடக்கட்டும், என் கோரிக்கையும் நிலுவையில் இருக்கட்டும்' என்று ஒரே வரியில் பதில் போடு.

கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் உன்னை அழைத்து மீட்டிங் வைத்தாக வேண்டும். இவை காலண்டர் நாட்கள். பள்ளி விடுமுறை நாட்கள் கழியும், ஆனால் கோடை விடுமுறை கழியாது. ஜூனில் கொடுத்தால் செப்டம்பர்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இவால்யுவேஷன் தேவையில்லை என்று முடிவு செய்தால், என்ன காரணம், எந்தத் தகவலை வைத்து முடிவு செய்தார்கள் என்று எழுத்தில் தர வேண்டும். செய்யலாம் என்றால் ஒப்புதல் படிவம் நீட்டுவார்கள். அதில் எந்தெந்தப் பரிசோதனைகள் என்று பார், விட்டுப்போனதைச் சொல்லிச் சேர்க்கச் சொல். உன் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து 90 நாள். பரிசோதனை, தகுதி முடிவு, தகுதி இருந்தால் ஐ.இ.பி. (பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டம்) எழுதிச் சேவை தொடங்குவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வை. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சேவைக்குக் கொடுத்த ஒப்புதல் ஆகாது என்பதையும் நினைவில் வை.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் நடக்கும் பெரிய அநியாயம் இதில்தான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. யாரோ சொன்னார்கள் என்று தமிழை நிறுத்திவிட்டு, பிள்ளையோடு அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும் வீடுகள் எத்தனையோ. அந்தப் பிள்ளைக்குப் பாட்டியோடு இருந்த ஒரே பேச்சும் அறுந்துபோகிறது. நீ நிறுத்தாதே. சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது: நடைமுறையில் முடியவே முடியாத நிலை தவிர, பரிசோதனை பிள்ளையின் தாய்மொழியில் நடக்க வேண்டும், ஆங்கிலம் போதாதது முதன்மைக் காரணமாக இருந்தால் குறைபாடு உண்டு என்று முத்திரை குத்தக் கூடாது. தமிழில் பரிசோதிக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது, ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் கேள். ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளை வைத்துத் தயாரித்த மதிப்பெண் பட்டியலில் உன் மகனை நிறுத்தினால் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதை அறிக்கையிலேயே குறிப்பிடச் சொல். நீயும் கையோடு ஒன்று கொண்டு போ: ஒரு வாரம் வீட்டில் அவன் தானாகச் சொல்லும் தமிழ்ச் சொற்களை எழுதிய தாள். 'தண்ணி' என்கிறானா, 'தண்ணி வேணும்' என்கிறானா, 'அம்மா தண்ணி குடு' என்கிறானா, கேட்டபிறகு சொல்கிறானா, தானே வந்து சொல்கிறானா என்று பிரித்து எழுது. தமிழிலும் இரண்டு சொல்லைத் தாண்டவில்லை என்றால், 'ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்' என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

அறிக்கைகள் தகுதி மீட்டிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்பே உன் கைக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் மீட்டிங்கைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். மேசையில் உட்கார்ந்து முப்பது பக்கத்தை யாராலும் படித்துவிட முடியாது. டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அதுமட்டுமே தகுதி ஆகிவிடாது. அது படிப்பையும் பள்ளி வாழ்க்கையையும் பாதிக்கிறது, அதற்குச் சிறப்புக் கல்வி தேவை என்று நிலைநாட்ட வேண்டும். எதிர்ப்பக்கம், "எழுத்து எல்லாம் தெரிகிறது, வகுப்பில் தொந்தரவே இல்லை, பிறகென்ன" என்பார்கள். பாஸாகி அடுத்த வகுப்புக்குப் போகிறான் என்பதாலேயே தகுதி இல்லாமல் போகாது என்பது மத்திய விதி. அமைதியாக மூலையில் உட்காரும் பிள்ளைதான் அதிகம் விடுபடுகிறது.

அறிக்கை தவறென்று தோன்றினால் டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளியாள் ஒருவரின் இவால்யுவேஷன் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. 'உங்கள் இவால்யுவேஷனோடு உடன்படவில்லை, இண்டிபெண்டன்ட் இவால்யுவேஷன் கேட்கிறேன்' என்று எழுதினால் போதும். காரணம் கேட்பார்கள், சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒன்று அவர்கள் செலவை ஏற்க வேண்டும், இல்லையேல் 20 நாளுக்குள் தங்கள் இவால்யுவேஷன் சரிதான் என்று நிரூபிக்க டியூ பிராசஸ் என்னும் முறையான விசாரணைக்கு மனு போட வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

தகுதி கிடைத்தால் ஐ.இ.பி. அதில் நீ விரல் வைத்துப் படிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று இலக்குகள். 'கருத்தைத் தெரிவிக்கும் திறன் 80 சதவீதம் மேம்படும்' என்று போட்டிருப்பார்கள். எதில் 80 சதவீதம், இப்போது எத்தனை, யார் எப்படி அளப்பார்கள் என்று ஒன்றும் இருக்காது. இப்படி இருந்தால் மாற்றச் சொல்: 'வகுப்பில் ஒரு பொருள் தேவைப்படும்போது, யாரும் தூண்டாமல், மூன்று சொல் சேர்த்துக் கேட்பான். ஐந்து சந்தர்ப்பத்தில் நான்கில், தொடர்ந்து மூன்று வாரம். இப்போது ஐந்தில் ஒன்று. ஸ்பீச் தெரபிஸ்ட் வாரந்தோறும் குறித்து வைப்பார்.' இப்படி எழுதினால் அடுத்த வருடம் நடந்ததா இல்லையா என்று சண்டை இல்லாமல் பார்த்துவிடலாம். அதே இலக்கு அச்சு மாறாமல் இரண்டாம் வருடமும் வந்தால் எழுந்து கேள். 2017இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது இதைத்தான்: பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் காணும்படி ஐ.இ.பி. அமைந்திருக்க வேண்டும், பெயருக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தால் போதாது.

இன்னொன்று சேவை அட்டவணை. ஸ்பீச் வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, குழு என்றால் எத்தனை பிள்ளைகள், எந்தத் தேதியிலிருந்து. 'தேவைப்படும்போது' என்று போட்டிருந்தால் எத்தனை குறைந்தாலும் மீறல் என்று காட்ட முடியாது. மீட்டிங்கில் வாயால் சொன்ன வாக்குறுதியும் அப்படித்தான். "எய்ட் (உதவியாளர்) ஒருவர் கூட இருப்பார்" என்றால் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று அங்கேயே கேள்.

மீட்டிங்குக்குத் தனியாகப் போகாதே. பிள்ளையை அறிந்தவர் யாரையும் அழைத்துப் போகலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வரும் பழக்கம் நமக்கு உண்டு. வந்ததற்கான கையெழுத்து வேறு, சம்மதக் கையெழுத்து வேறு. முதல் ஐ.இ.பி.க்கு நீ எழுத்தில் சம்மதித்தால்தான் சேவை தொடங்கும், அதனால் சில நாள் எடுத்துப் படி, ரொம்ப இழுக்காதே. ஒரு சேவை வேண்டாம் என்று நீ மறுத்தால், அதைச் சாக்காக வைத்து மற்றச் சேவைகளை நிறுத்த முடியாது.

அடுத்த வருடத்திலிருந்து நிலைமை தலைகீழ். இதைப் பலர் அறியாமல் கோட்டை விடுகிறார்கள். வருடாந்தர ஐ.இ.பி.க்கு உன் கையெழுத்து தேவையே இல்லை. நோட்டிஸ் வந்த 15 நாள் கழிந்தால், நீ வாய் திறக்காவிட்டாலும், அது அமலுக்கு வந்துவிடும். ஸ்பீச் நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் அப்படித்தான். 'உடன்படவில்லை' என்று மெயில் மட்டும் போட்டால், டிஸ்ட்ரிக்ட் பேசித் தீர்க்க முன்வந்தால்தான் நிற்கும். உறுதியாக நிறுத்துவது, 15ஆம் நாள் முடிவதற்குள் மாநிலக் கல்வித் துறைக்குப் போடும் மீடியேஷன் (நடுவரை வைத்துப் பேசித் தீர்ப்பது) அல்லது டியூ பிராசஸ் மனு. அதைப் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை பழைய ஐ.இ.பி.யே தொடரும். மீடியேஷனுக்குக் கட்டணம் இல்லை.

சேவை தொடங்கியபின் மாதம் ஒருமுறை ஸ்பீச் நடந்த தேதிகளின் பட்டியலைக் கேட்டு மெயில் போடு. தெரபிஸ்ட் பிரசவ விடுப்பில் போனார், பதில் ஆள் கிடைக்கவில்லை என்று வாரக்கணக்கில் சும்மா போகும், யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஆள் இல்லை என்பது கடமையிலிருந்து விலக்கு ஆகாது. விட்ட மணிநேரத்தை ஈடுசெய்யக் கேள். இப்படிக் கெடு தவறியது, எழுதிய சேவை நடக்காதது போன்றவற்றுக்கு மாநிலத்துக்குப் புகார் எழுதுவதே சுருக்கமான வழி. நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும், 60 நாளில் முடிவு வர வேண்டும், வக்கீல் வேண்டாம். அதேபோல், பள்ளியிலிருந்து அடிக்கடி போன் செய்து "இன்று அழைத்துப் போய்விடுங்கள்" என்றால், ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் மெயிலில் எழுதி அனுப்பு. அதுவும் பிள்ளை இழந்த பள்ளி நேரம்தான்.

எந்தத் திட்டம் பொருத்தம் என்பதிலேயே தகராறு என்றால் டியூ பிராசஸ். அது நீளமானது, செலவானது. பெற்றோர் வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம், நிபுணர் கட்டணம் திரும்பாது. பல மாநிலங்களில் வழக்குப் போடுபவரே நிரூபிக்க வேண்டும். நியூ ஜெர்சி 2008இல் தனிச்சட்டம் போட்டு அந்தச் சுமையை டிஸ்ட்ரிக்ட் மேல் வைத்திருக்கிறது. அந்த நிலைக்குப் போகுமுன் ஸ்பான் பேரண்ட் அட்வகசி நெட்வொர்க்கில் பேசு. பெற்றோருக்கு இலவசமாக வழிகாட்டவே மத்திய அரசு நிதியில் நடக்கும் மையம் அது.

இந்த வாரத்துக்குள் கடிதத்தை எழுதி முடி. அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி போடு. கவலைகள் துறை வாரியாக இருக்கின்றனவா, 'முழு இவால்யுவேஷன்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து அன்றே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா