மழையில் வண்டி எடுக்கும் மகளுக்கு

தண்டையார்பேட்டை

அன்பு மகளுக்கு,

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து நீயே காரை ஓட்டிக்கொண்டு வருவதாக அம்மா சொன்னாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் என்பதால், புறப்படும் முன் இதை ஒருமுறை படித்துவிடு.

நீ ஆறாவது படித்தபோது, காசிமேட்டைத் தாண்டிக் கடலோரச் சாலையில் ஒரு மழைநாள் இரவு என் வாடகைக் கார் சுழன்று, அலைதடுப்புப் பாறைகளுக்கு இரண்டடி முன்னால் போய் நின்றது. டயர் மொட்டையாகிவிட்டது என்று தெரிந்தும், இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான்தான். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் பொய் சொன்னேன்.

டயரின் பள்ளங்கள் இருப்பது தண்ணீரை வெளியே தள்ளுவதற்காகத்தான். பள்ளம் தேய்ந்து, வேகமும் கூடினால், தள்ளப்படாத தண்ணீர் டயருக்கும் சாலைக்கும் நடுவே புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். நான் அன்று பதறி, பிரேக்கை ஓங்கி மிதித்து ஸ்டீயரிங்கையும் ஒடித்தேன், இரண்டுமே தவறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தால், வேகம் குறைந்ததும் டயர் தானாகவே சாலையைப் பற்றியிருக்கும். சக்கரம் திரும்பிய நிலையில் டயருக்குப் பிடிப்பு மீண்டும் கிடைத்தால்தான் வண்டி ஒரு பக்கமாகப் பாய்கிறது.

பள்ளங்களுக்குள்ளே அங்கங்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் சட்டப்படியே அது ஓடக்கூடாத டயர். மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல். கடைக்காரர் முன்னால் போடலாம் என்பார், கேட்காதே. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைத் திருத்துவது கடினம். காற்றைக் கதவோரம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் எழுதியுள்ள அளவுக்கு, டயர் சூடாகும் முன் பார்த்துக்கொள். காற்று குறைந்த டயர் தண்ணீரில் சீக்கிரமே மிதக்கும்.

நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையின் முதல் சில நிமிடங்களை நம்பாதே, சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழைந்து வழுக்கும். மணலியின் டேங்கர்களும் துறைமுகத்தின் கண்டெய்னர் டிரெய்லர்களும் ஓடும் நம் பக்கத்துச் சாலைகளில் இதைக் கூடுதலாகவே பார்த்திருக்கிறேன். அந்த டிரெய்லர்களின் பாரத்தில் தார் அமுங்கிய தடங்களில் தண்ணீர் கோடுபோல் நிற்கும். சக்கரத்தை அந்தத் தடத்தில் விடாதே. நெடுஞ்சாலையில், வேகத்தைத் தானாகவே பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோலை மழை விடும்வரை தொடவே வேண்டாம்.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் போகாதே, மழைக்கு அங்கே தண்ணீர் தேங்கிவிடும் என்பது உனக்கே தெரியும். பூந்தமல்லி வந்ததும் ஓரமாக நிறுத்திப் போன் செய். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அதற்குள் விசாரித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா