ஆண்டறிக்கை 2024–25: மூன்று வீடுகளும் ஒரு சொல் நோட்டும்

மன்றத்துப் பெரியவர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்த வருடம் 9 கூட்டங்கள் நடந்தன, புதிதாக 7 பேர் சேர்ந்தார்கள், அதில் 4 பேர் பெண்கள். பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைப் போட்டி ஐப்பசி மழையில் தள்ளிப்போய் மார்கழியில் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பஸ் வாடகை போக மிச்சம் அதிகமில்லை, அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை, ஏனென்றால் இந்த வருடம் நாம் செய்த நல்ல காரியம் எல்லாம் அந்த பஸ்ஸில் ஏறிப் போய்ச் செய்ததுதான்.

மூன்று வீடுகளைப் பார்க்கப் போனோம். முதல் வீடு அங்கே இல்லை.

ஆடி 18 அன்று அறச்சலூர் பக்கம் ஓடாநிலைக்குப் போனோம். தீரன் சின்னமலை 1756இல் காங்கேயத்துக்குப் பக்கத்தில் மேலப்பாளையத்தில் பிறந்தவர், 1805இல் சங்ககிரிக் கோட்டையில் வெள்ளைக்காரர்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள், இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓடாநிலையில் அவர் கட்டிய கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது அரசு கட்டிய நினைவு மண்டபம். மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும்போது நம் உறுப்பினர் ஒருவரின் பேத்தி, ஆறாவது படிக்கிறவள், "அவரு எந்த வீட்டுலீங்க இருந்தாரு, அதைக் காட்டுங்க" என்றாள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் பதில் இல்லை. அவள் கேட்டது அவருடைய வீரத்தைப் பற்றி இல்லை. அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார், எந்தப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார் என்பதைத்தான் அந்தப் பிள்ளை பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். அடுத்த பயணம் மனிதர் நிஜமாகவே வாழ்ந்த ஒரு வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தோம்.

அப்படித்தான் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் போனோம், பெரியார் வீதியில் இருக்கும் பெரியார் – அண்ணா நினைவு இல்லத்துக்கு. ஒரே இடத்தில் இரண்டு பேரின் நினைவு. பெரியார் ஈரோட்டிலேயே 1879இல் பிறந்தவர், அண்ணா இங்கே வந்து தங்கிப் பத்திரிகை வேலை பார்த்தவர். பெரியாரின் கொள்கையை முழுக்க ஏற்றுக்கொள்கிறவர்களும் நம் மன்றத்தில் உண்டு, அவரைக் கடுமையாக மறுக்கிறவர்களும் உண்டு, ஆனால் அன்றைக்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை, எல்லோரும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு ஒரே மாதிரி மெதுவாகத்தான் நடந்தார்கள். 1925 மே 2ஆம் தேதி 'குடி அரசு' வாரப் பத்திரிகை வெளியானது இந்த ஊரிலிருந்துதான். அதற்கு நான்கு வருடம் முன்னால், 1921இல், ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். நம்முடன் வந்த பெண்கள் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பெண்கள் கடைவீதிக்குத் தனியாகப் போய் உப்பு வாங்குவதே அபூர்வம், மறியலுக்கு எப்படிப் போனார்கள், அன்றைக்கு வீட்டில் சோறு யார் ஆக்கியிருப்பார்கள் என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வீட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பெயர் தெரிந்தவர் யாரும் வாழவில்லை, பரம்பரையாக வெள்ளாமை செய்த குடும்பம். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் நியாயமானது. பழைய தூணுக்கும் நிலவுகாலுக்கும் கதவுக்கும் விலை பேசிக்கொண்டு புரோக்கர்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம். மகன்கள் இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார்கள், வீட்டை விற்க மனமில்லாமல், வீட்டிலிருந்ததையும் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததையும் அடுக்கி வைத்து, கேட்டு வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் பெரிய மருமகளிடம்.

தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் தெரிகிற தொட்டி, நாலு பக்கமும் ஆசாரம் என்கிற கூடம், மேலே பரணான அட்டாலிக்குப் போக மரப்படி, பின்னால் பொடக்காளி என்கிற கொல்லைப்புறம், அதற்கும் அந்தப் பக்கம் மாடு கட்டுகிற கட்டுத்தரை. அன்று கார்த்திகைச் சாரல், தொட்டிக்குள் மழை விழுந்துகொண்டே இருந்தது, உள்ளே நின்ற 31 பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆசாரத்துச் சுவரில் ஒரு கிரயப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் 'கோயமுத்தூர் ஜில்லா தாராபுரம் தாலுக்கா' என்று இருக்கிறது. 1979இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது இந்தப் பகுதி அதற்குள் போனது, பிறகு அந்த மாவட்டத்துக்கு ஈரோடு என்று பெயர் மாறியது, 2009இல் திருப்பூர் மாவட்டம் வந்ததும் இது அங்கே சேர்ந்தது. வீடு ஒரு அடிகூட நகரவில்லை, மூன்று மாவட்டத்தில் இருந்துவிட்டது. வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்காதவர்கள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அதுவும் ஊர் வரலாறுதான்.

அப்புறம் பொருட்கள். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும்: அட்டையில் எழுதி ஒட்டியிருந்த பெயர்கள் பலதும் பொருந்தவில்லை. வரிசையாக நாலு சாமானுக்கு 'பழங்காலப் பாத்திரம்' என்று ஒரே அட்டை. அதில் ஒன்று போசி என்கிற பாத்திரம், ஒன்று அரிசி களைகிற அரிக்கஞ்சட்டி, ஒன்று தானியம் அளக்கிற வள்ளம். மூலையில் மூன்று காலோடு நிற்கிற மரச் சாமானுக்கு 'எண்ணெய் பிழியும் கருவி' என்று எழுதியிருந்தது. நம்மோடு வந்திருந்த ஒரு அம்மச்சி அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "ஏங்கண்ணு, இதுல எண்ணெய் எங்க புழியறது, இது சந்தகை மரமல்லோ" என்று சொல்லி, மேலே இருக்கும் கட்டையைத் தூக்கிக் காட்டினார். சந்தகை என்பது இடியாப்பம் மாதிரி. வெந்த மாவை அச்சுக்குள் சூட்டோடு போட்டு, ஒருத்தர் கட்டையில் தொங்கி அமுக்க, இன்னொருத்தர் கீழே வட்டலை, அதாவது தட்டை, சுற்றிச் சுற்றிப் பிடிக்க வேண்டும், ஆறினால் பிழியவே வராது. மாப்பிள்ளை விருந்து என்றால் விடியக்காலமே பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்துவிடுவார்களாம். தனியாள் செய்ய முடியாத சாப்பாடு அது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நாம் இப்போது கடையில் வாங்கிச் சாப்பிடுகிறோம்.

அந்த வள்ளத்தை எடுத்தபோது ஒரு வாக்குவாதம். வள்ளத்துக்கு நாலு படி என்று சிலர் சொன்னார்கள், ஊருக்கு ஊர் மாறும், எங்கள் ஊரில் வேறு என்று சிலர். பேசிக்கொண்டே இருந்தால் முடியாது என்று மருமகளே உள்ளே போய் ஒரு படியும் கொஞ்சம் ராகியும் கொண்டுவந்தார். அம்மச்சிதான் அளந்தார். முதல் படியைப் போடும்போது ஒன்று என்று சொல்லவில்லை, "லாபம்" என்றார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. கூட வந்த காலேஜ் பையன்களுக்கு அது விளங்கவில்லை, களத்தில் தானியம் அளக்கும்போது முதல் எண்ணை லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள் என்று விளக்கிச் சொன்னோம். தலை தட்டி அளந்தபோது நாலு படியில் வள்ளம் நிறைந்தது. கோபுரமாகக் குவித்து அளந்தபோது நாலாவது படியில் கொஞ்சம் மிச்சமானது. ஆக, தலை தட்டியா குவித்தா என்று கேட்காமல் பழைய கூலிக் கணக்கைப் படிக்கவே கூடாது. பண்ணையத்தில் தானியமாகக் கூலி வாங்கியவர்களுக்கு அந்தக் குவியல்தான் ஒரு வேளைக் கஞ்சி.

இப்போது சொல்லப்போவது இந்த வருடத்தில் எனக்கு மனசு வலிக்கிற விஷயம்.

கட்டுத்தரையில், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற சால் ஒன்று இருக்கிறது. 'இரும்பு வாளி' என்று அட்டை. அந்த ஊரிலேயே இருந்த ஒரு பெரியவர், எண்பத்தாறு வயது, நாங்கள் வந்திருப்பது தெரிந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வால் இல்லாத சாலை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது" என்றார். பிறகு தரையில் குச்சியால் கோடு போட்டு, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை முறையை முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். கிணற்று மேட்டில் உருளை, அதில் ஓடும் வடக்கயிறு, ஒரு முனையில் சால், மறுமுனை மாட்டின் நுகத்தடியில். மாடுகள் சரிவில் இறங்க இறங்க சால் மேலே வரும், ஓட்டுகிறவர் தன் பாரத்தையும் சேர்க்க வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். சாலின் அடியில் தோலில் தைத்த வால், அதைத் தனியாக ஒரு வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும், சால் மேலே வந்ததும் வால் தொட்டிக்குள் விரிந்து தண்ணீரைக் கொட்டும். அப்புறம் மாடுகள் திரும்பாமல் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். காங்கேயம் மாடு எவ்வளவு புத்தியுள்ளது என்பது அந்தப் பின்நடையில்தான் தெரியும் என்றார். இறைத்த சால்களுக்குக் கணக்கு வைப்பது பாட்டில்.

சாலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மின்மோட்டாரும் வைத்திருக்கிறார்கள். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர்ப் பக்கம் வந்ததையும், 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோயமுத்தூரிலேயே மோட்டார் செய்ததையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க கெணத்துல மோட்டார் போட்ட அன்னைக்கு ராத்திரி எங்கய்யன் தூங்கவே இல்லீங்க, எந்திரிச்சு எந்திரிச்சுக் கட்டுத்தரைக்கு வந்து மாட்டைப் பார்த்தாரு" என்றார்.

அப்புறம் பாட ஆரம்பித்தார். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போகிற பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு, கை வடத்தைப் பிடித்திருக்கிற மாதிரி. நான் போனில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லை, போனில் இடம் நிறைந்து தானாக நின்றிருக்கிறது. அங்கேயே ஒருமுறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. பொங்கல் முடிந்து நல்ல மைக்கோடு போகலாம் என்று இருந்தோம். தை மாதமே அவர் காலமாகிவிட்டார். இருபத்துச் சொச்சம் சாலோடு அந்தப் பாட்டு நம்மிடம் நிற்கிறது, மீதி இல்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் பேரனிடம் அந்த இரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் தாத்தா பாடி அவர் கேட்டதே இல்லையாம்.

அந்த வாரமே செயற்குழுவைக் கூட்டினோம். பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. ஒரு நோட்டு வாங்கினோம், அதற்கு சொல் நோட்டு என்று பெயர். பொருளின் பெயர், அது எந்தப் பாகம் எந்தப் பாகத்தோடு சேரும், யார் கையாண்டார்கள், சொன்னவர் எந்த ஊர், இவ்வளவுதான். மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிறுதோறும் மூன்று நான்கு பேராக அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். அம்மச்சியும் ஐந்து முறை வந்தார். இதுவரை 63 சொல் சேர்ந்திருக்கிறது: மக்கிரி, தொரட்டி, உறி, திருகை, சிம்மாடு என்று தொடங்கி, எனக்கே தெரியாதது பாதிக்கு மேல். வீட்டுக்காரர்கள் பழைய அட்டைகளை எடுத்துவிட்டுப் புதிய அட்டைகள் எழுதச் சம்மதித்தார்கள், நம் பெண் உறுப்பினர்கள்தான் கையால் எழுதினார்கள். சால் என்றே எழுதி, கீழே கவலைப் படமும் வரைந்து வைத்திருக்கிறோம். பெரியவர் தரையில் போட்ட அதே கோடுகள், ஒரு பையன் அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்திருந்தான், அது பிழைத்தது.

சின்ன அருங்காட்சியகத்துக்குக் காசு கேட்டு யாராவது வந்தால் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த வீட்டில் குறைவாக இருந்தது காசு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இது இதற்கு என்று சொல்ல ஆள் இல்லை. அப்படிச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. நான் என் அப்பத்தாவிடம் ஒன்றுமே கேட்டதில்லை, இப்போது கேட்க முடியாது.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலை. ஆவணியில் நொய்யல் கரைக் கொடுமணலுக்குப் போகிறோம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர், 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது கல்மணி செய்த பட்டறைத் தடயங்களும் இரும்பு உருக்கிய இடங்களும் கிடைத்தன. அங்கே வயதானவர்களிடம் காட்டில் மணி பொறுக்கிய கதையைக் கேட்க வேண்டும், இந்தத் தடவை இரண்டு போனில் பதிவு செய்து, கிளம்பும் முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு.

இரண்டாவது, அந்தச் சாலுக்கு வால் தைக்க வேண்டும். தோல் தைத்துக் கொடுக்க ஒருவர் தாராபுரம் பக்கம் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, சித்திரையில் போய்ப் பார்க்கிறோம். வடக்கயிறு திரிக்கத் தெரிந்தவர் யாராவது உங்கள் ஊரில், உங்கள் சொந்தத்தில் இருந்தால், கூட்டம் முடிந்து போவதற்குள் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

செயலாளர்